காய்ச்சலின் வகை அறிந்து மருந்து தருவோம்

தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே கொங்கு மண்டலத்துக்குள் நுழையும் நாள்களில் ஃப்ளூ காய்ச்சலும் பரவத் தொடங்குகிறது. ‘பன்றிக் காய்ச்சல் மாத்திரை’ எனப்படும் ஒசெல்டாமிவிர் எந்தக் காய்ச்சலையும் தீர்க்கும் என்பாரும், அதனால் பயனே இல்லை என்பாரும் நம்மிடையே உண்டு. இரண்டு கருத்துகளுமே பிழை என்பேன்.

ஃப்ளூ வைரஸ்களில் மனிதரைப் பெரிதும் தாக்குபவை ஏ, பி என்னும் இரு வகைகள். பழைய மருந்தான அமண்டடின், ஏ வகையின் உறையிலுள்ள ஒரு நுண்வழியை அடைக்கும். பி வகையிடம் அது பலிக்காது. 2009-ல் உலகைச் சூழ்ந்த எச்1என்1 வைரஸோ தொடக்கத்திலேயே அமண்டடினுக்கு அடங்காததாக இருந்தது. அப்போது கைகொடுத்தது ஒசெல்டாமிவிர். புதிதாக உருவான வைரஸ்கள் செல்லிலிருந்து கத்தரித்துக்கொண்டு வெளியேற உதவும் நொதியை அது முடக்குகிறது.

ஆனால், அதற்கு முந்தைய ஆண்டில் பரவிய பருவகால எச்1என்1, அந்த நொதியில் நேர்ந்த ஒரே மாற்றத்தால் ஒசெல்டாமிவிரையும் வென்றிருந்தது. 2009-ன் புதிய வைரஸ் அதை ஒதுக்கி இடம்பிடித்ததால்தான் மருந்து மீண்டும் பயன்பட்டது. பி வகையிடம் இம்மருந்தின் ஆற்றல் சற்றுக் குறைவு; காய்ச்சல் இறங்கக் கூடுதல் நேரமாவதை ஜப்பானியக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் காட்டின. 2018-ல் ஜப்பான் ஒப்புதல் அளித்த பலோக்சாவிர் இரு வகைகளிலும் வைரஸ் பெருகுவதைத் தொடக்கத்திலேயே தடுக்கிறது. எனினும், அதற்கு அடங்காத வைரஸ்களும் தென்பட்டுவிட்டன.

பல்லடமும் நாமக்கல்லும் கோழிப்பண்ணைகளால் வாழும் ஊர்கள். ஆலப்புழையில் 2021-லும் 2024-லும் பறவைக் காய்ச்சல் கண்டபோது வாளையாறு சோதனைச் சாவடியில் கண்காணிப்பு இறுகியது. 2024-ல் கனடாவின் 8 கோழிப்பண்ணைகளில் காணப்பட்ட எச்5என்1 வைரஸில் ஒசெல்டாமிவிரை எதிர்க்கும் அதே மாற்றம் இருந்தது. பண்ணையில் தோன்றும் எதிர்ப்பு பண்ணையோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதியில்லை.

காலமும் முக்கியம். அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு அப்போதும் ஒரு நாளுக்கும் குறைவான நிவாரணமே கிடைக்கிறது. கர்ப்பிணிகள், முதியோர், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு ஃப்ளூ ஐயம் எழுந்தால், சோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் மருந்தைத் தொடங்குவதே நன்று.

கடும் கட்டுப்பாட்டில் இருந்த ஒசெல்டாமிவிர், 2017 முதல் மருத்துவர் சீட்டின் பேரில் சாதாரண மருந்துக்கடைகளிலும் கிடைக்கிறது. மருந்து எளிதானதைப் போலச் சோதனையும் எளிதாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலை, மேட்டுப்பாளையம் அரசு மருத்துவமனைகளிலேயே ஏ, பி வகைகளைப் பிரித்தறியும் விரைவுச் சோதனை அன்றாடம் கிடைக்கச் செய்ய வேண்டும். சீட்டின்றி வாங்கிப் பாதியில் நிறுத்தும் ஒவ்வொரு மாத்திரையும் நாளைய நோயாளியின் மருந்தைப் பறிக்கக்கூடும்.