சாய்த்து வைத்த முறம்: மெசா வெர்டே எப்படி இயங்குகிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், உச்சி தட்டையான ஒரு மலை இருக்கிறது. பெயர் மெசா வெர்டே. ஸ்பானிய மொழியில் 'பச்சை மேசை'. படத்தில் பார்த்தவர்களுக்கு நினைவில் நிற்பது பாறைக் குடைவுக்குள் சுமார் 150 அறைகளோடு கட்டிய கிளிஃப் பேலஸ்தான். ஆனால் 1958இல் இங்கே வெதரில் மெசா என்னும் பகுதியில் ஆய்வைத் தொடங்கியவர்கள் சுவர்களோடு நிற்கவில்லை. மண்ணையும் மழையையும் குளிரையும் செடிகொடிகளையும் சேர்த்தே அளந்தார்கள். அதற்கென்றே 1969இல் தனி நூலும் வந்தது. அடுப்பைப் பார்க்காமல் சமையலைப் பற்றிப் பேச முடியாது அல்லவா?

மேசை என்று பெயரே தவிர, இது சமமாக இல்லை. வற்றல் காய வைக்கும்போது முறத்தை வெயில் பக்கமாகச் சற்றே சாய்த்து வைப்போமே, அப்படி வடக்கே தூக்கி, தெற்கே தாழ்ந்து கிடக்கிறது. வடக்கு விளிம்பின் உச்சி 2,600 மீட்டருக்குச் சற்று மேல். தெற்கே சாய்ந்திருப்பதால் வெயில் நன்றாகப் படுகிறது.

பள்ளத்தாக்கில் அல்லவா கதகதப்பு இருக்க வேண்டும்? இல்லை. பிரிட்ஜ் கதவைத் திறந்ததும் குளிர் நம் பாதத்தில்தான் விழும். இரவில் குளிர்காற்றும் அப்படியே வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். உறைபனி அங்கேதான் அதிகம். அதனால் மக்காச்சோளம் விதைக்க ஏற்ற இடம் மேட்டுப் பரப்பு.

அந்த மேட்டில் கிடக்கும் செம்மண் ஆற்று மண் அல்ல. சலித்த மாவுபோல மெல்லிய துகளாகக் காற்று பல்லாயிரம் ஆண்டுகள் கொண்டுவந்து கொட்டியது. புட்டு மாவில் தண்ணீர் தெளித்துப் பிசிறுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பிடித்தால் பிடிபடும், உதிர்த்தால் உதிரும், ஆனால் ஈரம் உள்ளேயே நிற்கும். இங்கே ஆண்டு மழை, பனி இரண்டும் சேர்ந்தே சுமார் 450 மில்லிமீட்டர்தான். ஜூன் வறண்ட மாதம். குளிர்காலப் பனி உருகி இறங்கிய ஈரம் இளம் பயிரை ஜூலை, ஆகஸ்ட் இடிமழை வரை தாங்கிப் பிடிக்கும். கால்வாய்ப் பாசனம் இல்லாமலே மக்காச்சோளம் விளைந்தது இதனால்தான்.

பாறைக் குடைவு வீடுகளின் ரகசியம் காபி ஃபில்டரில் இருக்கிறது. மேலே மணற்கல், அதன் அடியில் நீர் புகாத களிப்பாறை. தண்ணீர் மணற்கல்லின் நுண்துளைகள் வழியே டிகாக்‌ஷன்போல மெல்ல இறங்கும். களிப்பாறை வந்ததும் வழியில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து, செங்குத்துச் சரிவில் கசியும். அதுதான் ஊற்று. கசியும் நீர் மணலைப் பிணைத்திருக்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. குளிர்காலத்தில் உறைந்து விரிகிறது. நிறைய ஊற்றி ஃப்ரீசரில் வைத்த கண்ணாடிப் பாட்டில் விரிசல் விடுவதுபோல, கல் பெயர்ந்து விழுகிறது. குடைவு பிறக்கிறது. ஆக, குடிநீரும் கூரையும் ஒரே கசிவின் கொடை. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

புவேப்லோ என்னும் பூர்வகுடி மக்களின் மூதாதையர் கி.பி. 550 வாக்கில் இந்த மலையில் குடியேறினர். நெடுங்காலம் மேட்டில், வயல்களின் அருகே வாழ்ந்துவிட்டு, 12ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் குடைவுகளுக்குள் கட்டத் தொடங்கினார்கள். 1276 முதல் 1299 வரை கடும் வறட்சி. மரங்களின் ஆண்டு வளையங்கள் அதற்குச் சாட்சி. புட்டு மாவுக்குத் தெளிக்கத் தண்ணீர் இல்லை. ஆனால் வறட்சி ஒன்றே காரணம் என்று முடிப்பது அவசரம். மக்கள் வெளியேறுவது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1300க்குள் மலை காலியானது.

அவர்கள் அழிந்துபோகவில்லை. தெற்கே போனார்கள். வழித்தோன்றல்களான ஹோப்பி மக்கள் அரிசோனாவில் இன்றும் விதையை ஈரம் எட்டும் ஆழத்தில் ஊன்றி, பாசனமில்லாமல் மக்காச்சோளம் விளைவிக்கிறார்கள்.