செய்தியோடு ஒட்டிப்போன முகவரி

2015 மே மாதம். ஹார்வர்ட் மாணவர் அரன் கன்னா, குரோம் உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல் ஒன்றை எழுதி இணையத்தில் விட்டார். பெயர் 'மராடர்ஸ் மேப்'. ஹாரி பாட்டர் கதையில், யார் எங்கே நடமாடுகிறார்கள் என்று காட்டும் மாய வரைபடத்தின் பெயர் அது. இதில் மாயம் எதுவும் இல்லை. மொபைலிலிருந்து ஃபேஸ்புக் மெசெஞ்சரில் அனுப்பிய செய்திகளோடு ஒட்டிக்கொண்டு போன இருப்பிடத்தை எடுத்து வரைபடத்தில் புள்ளி வைத்தது, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு செயலியில் அந்த வசதி கேட்காமலே ஆன் ஆகியிருந்தது.

'கிளம்பிட்டேன்' என்ற ஒரு செய்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சில வாரச் செய்திகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒருவர் எந்த விடுதியில் தூங்குகிறார், எந்தக் கிழமை எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்பதெல்லாம் புலப்பட்டது. அதுவும் நண்பர் பட்டியலிலேயே இல்லாத, ஒரே குரூப்பில் இருந்த ஒருவரைப் பற்றி!

ஃபேஸ்புக் செயலியைத் திருத்தியது. ஓட்டையைக் காட்டிய கன்னாவுக்கு அங்கே கிடைத்திருந்த கோடைக்காலப் பயிற்சி வாய்ப்பு ரத்தானது. நல்ல சன்மானம்தான்.

இன்று இருப்பிடத்தைப் பெரும்பாலும் நாமேதான் அனுப்புகிறோம், அனுப்பிவிட்டு மறக்கிறோம். வாட்ஸ்அப் லைவ் லொகேஷனுக்கு 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவுகள் உண்டு. ஆட்டோவில் வீடு திரும்ப 8 மணி நேரம் எதற்கு? குரூப்பில் போட்டால், அதில் இருக்கும் முகம் தெரியாதவரும் பார்ப்பார்.

படங்களில் இன்னும் கவனம் தேவை. கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால், எடுத்த இடம் படத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக் கூடாதென்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். 2012 டிசம்பரில், பெலிஸ் நாட்டுப் போலீஸுக்குத் தப்பி ஓடிய ஜான் மெக்காஃபி குவாதமாலாவில் இருப்பதைக் காட்டிக்கொடுத்தது, 'வைஸ்' பத்திரிகை வெளியிட்ட படத்துக்குள் இருந்த இந்தத் தகவல்தான். ஆன்டிவைரஸ் விற்றுப் பணக்காரரானவர்!

டவர் மூலம் மொபைல் நிறுவனத்துக்குத் தெரிவதை செயலிகளின் லொகேஷன் செட்டிங்ஸ் மறைக்காது. செயலிகளுக்குத் தெரிவதைக் குறைக்கலாம். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல், துல்லியமான இருப்பிடத்தைத் தராமல் தோராயமாக மட்டும் தரும் வசதி உண்டு. வானிலை சொல்லும் செயலிக்கு உங்கள் ஊர் தெரிந்தால் போதும், தெரு எதற்கு?