கால் என்னும் சொல்

பெரியகல்லாற்றில் என் வீட்டுத் திண்ணையிலிருந்து மாணவன் ஒருவன் கணக்குச் செய்துகொண்டிருந்தான். 98 ஐ 25 ஆற் பெருக்க வேண்டும். கணிகருவியை அழுத்தி, "245, ஐயா" என்றான். இடையே புள்ளியொன்று விழுந்து 25 என்பது 2.5 ஆனதை அவன் அறிந்திலன். விடை சிறுத்ததென்ற ஐயமும் அவனுக்கு எழவில்லை.

"தம்பி, நூற்றிற் கால் 25. தொண்ணூற்றெட்டிற் கால் எவ்வளவு?"

"இருபத்துநாலரை."

"அதை நூறு மடங்காக்கு."

"2450!" என்றவன், கருவியைத் தானே மூடிவைத்தான்.

கால், அரைக்கால், மாகாணி என்பன முறையே 1/4, 1/8, 1/16. ஒவ்வொன்றும் முன்னதிற் பாதி. அரைக்கால் என்னும் பெயரே பாதியாக்கும் வழியைச் சொல்கிறது. பழைய எண்சுவடி இத்தகைய பின்னங்களின் பெருக்கலையும் வாயாற் பயில்வித்தது. நம் அயலூராகிய காரைதீவில் 1892 இற் பிறந்த விபுலாநந்த அடிகளார், 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் இசை நரம்புகளின் அளவைப் பின்னங்களாற் கணித்துக் காட்டினார். அவருக்குத் தமிழும் கணக்கும் இரண்டல்ல.

யானோ இச்சொற்களைப் பல்லாண்டு அருஞ்சொற்பொருளாகவே படிப்பித்தேன். கணக்கு வேறொருவர் பாடமென்று ஒதுங்கினேன். பிழை மாணவனதன்று. கருவி விடை தரும். அவ்விடை தகுமோ எனத் தேர்வது மனத்தின் தொழில். அத்தொழிலுக்கு வேண்டிய சொல் தமிழாசிரியன் கையில் இருக்கிறது.