பொறியியல் என்னுந் துறை

பொறியியல் கற்கப் புகும் மாணவருட் பலர் அதனை இயந்திரங்களைப் பற்றிய கல்வி என்றோ, பௌதிகத்தின் செய்முறைப் பகுதி என்றோ கருதுகின்றனர். பெயரே அம்மயக்கத்துக்கு இடந்தருகின்றது. பொறி என்பது இயந்திரம். ஆயின், பாலமும் அணைக்கட்டும் வடிகாலும் இயந்திரங்கள் அல்லவே.

குடிசார், இயந்திர, மின், இரசாயனப் பொறியியல் எனப் பிரிவுகள் பல உள. அவற்றின் பட்டியலைப் பல்கலைக்கழகக் கைந்நூலிற் காணலாம்; ஈண்டு விரித்தல் வேண்டா. எல்லாப் பிரிவுக்கும் பொதுவான சிந்தனை முறை ஒன்றுண்டு. அதனை ஒரு பாலத்தைக் கொண்டு விளக்குவாம்.

விஞ்ஞானி உள்ளதை ஆராய்கின்றார். பொறியியலாளரோ இன்னும் இல்லாத ஒன்றைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர். பாலத்தின் உறுப்புக்கள் எவ்வளவு தடிப்பாயிருத்தல் வேண்டும் எனக் கணிப்பதற்கு அவை தாங்கும் பாரம் தெரிதல் வேண்டும். நீண்ட பாலங்களில் அப்பாரத்தின் பெரும்பங்கு பாலத்தின் சொந்த நிறையே. உறுப்புக்களின் தடிப்பை அறியாது அந்நிறையை எங்ஙனம் அறிவது? முதலில் ஒரு நிறையை எடுகோளாகக் கொள்வர். அதற்கேற்ப உறுப்புக்களை வகுப்பர். வகுத்தவற்றின் நிறையைக் கணித்து எடுகோளுடன் ஒப்பிடுவர். வேறுபடின் மீண்டுந் தொடங்குவர். சலிப்பூட்டும் இம்மீள்கணிப்பைக் கைவிட்டால் நேர்வது யாது?

கனடாவிலே, கியூபெக் நகருக்கு அணித்தாக, சென் லோறன்ஸ் ஆற்றின் குறுக்கே ஒரு உருக்குப் பாலம் திட்டமிடப்பட்டது. ஆலோசகராய் இருந்தவர் தியடோர் கூப்பர் என்னும் புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1900 ஆம் ஆண்டில் அவர் நடு இடைத்தூரத்தை 1,600 அடியிலிருந்து 1,800 அடியாக நீட்டுவித்தார். நீளம் கூடியது, நிறை பற்றிய பழைய எடுகோளோ உரிய காலத்தில் திருத்தப்படவில்லை. உறுப்புக்கள் பல செய்துமுடிக்கப்பட்ட பின்னரே உண்மை நிறை மிகுதியென்பது தெரிந்தது. அம்மிகுதியைப் பாலம் தாங்கும் எனக் கூப்பர் தீர்ப்புச் செய்தார்.

1907 ஆகத்து மாதத்தில், கீழ்ப்புறத்து அமுக்க உறுப்புக்கள் வளையத் தொடங்கின. ஒன்றின் வளைவு இரண்டு அங்குலத்தைக் கடந்தது. இளம் மேற்பார்வையாளர் ஒருவர் அதனை அளந்து, நியூயோர்க்கிலிருந்த கூப்பரிடம் நேரிற் சென்று தெரிவித்தார். மேலும் பாரம் ஏற்றவேண்டா என்று கூப்பர் தந்தி அடித்தார். அத்தந்தி சென்றது பென்சில்வேனியாவிலிருந்த கட்டுமான நிறுவனத்துக்கு, ஆற்றங்கரைக்கு அன்று. அன்று மாலையே, ஆகத்து 29 ஆம் நாள், பாலத்தின் தென்பகுதி முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. மாண்ட தொழிலாளர் எழுபத்தைவர்.

அமுக்க உறுப்பு வளைவதேன்? ஒரு தென்னை ஈர்க்கை இருமுனையிலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், எளிதில் அறாது. அதனையே முனைகளிலிருந்து உள்நோக்கி அழுத்தினால் உடனே வில்லாய் வளையும். பத்து ஈர்க்குகளைச் சேர்த்து, இடையிடையே நூலால் இறுகக் கட்டின் அவை ஒரு கோல்போல் நிற்கும். கட்டுத் தளர்ந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியே வளையும். கியூபெக் பாலத்தின் கீழுறுப்புக்கள் பல உருக்குத் தகடுகளைச் சேர்த்து அமைக்கப்பட்டவை. அத்தகடுகளைப் பிணைத்த குறுக்குச் சட்டங்கள் வலிமை போதாதவை என்பது விசாரணைக் குழு கண்ட முடிபு. நிறை மிகுந்தது, கட்டும் நலிந்தது. பௌதிக விதி எதுவும் அங்கே பொய்க்கவில்லை என்பதைக் கவனிக்க.

மீண்டும் கட்டிய பாலத்தின் நடுத்துண்டு 1916 இல் உயர்த்தப்படும்போது வீழ்ந்து பதின்மூவர் இறந்தனர். 1917 இல் அப்பாலம் நிறைவெய்தியது. நெடுங்கைப் பாலங்களுள் அதன் இடைத்தூரமே இன்றும் உலகில் மிகப் பெரியது.

கனடாவிற் பொறியியற் பட்டதாரிகள் 1925 தொடக்கம் ஒரு சடங்கில் இரும்பு மோதிரம் பெறுகின்றனர். வீழ்ந்த பாலத்தின் இரும்பினாலேயே முதன் மோதிரங்கள் வார்க்கப்பட்டன என்பது வெறுங் கர்ணபரம்பரை. எனினும் அம்மோதிரத்தை எழுதுங் கையின் சுண்டுவிரலில் அணிவது வழக்கம். வரைபடம் வரையுந்தோறும் அது தாளில் உராயும்.