சொந்தக் கோழி, சொந்த முட்டை: விற்கச் சட்டம் என்ன கேட்கிறது?

கொல்லையில் இருபது முப்பது நாட்டுக்கோழி வளர்ப்பவர், முட்டையைத் தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுக்கத் தொடங்கியதும் யாராவது கேட்டுவிடுவார்கள்: "லைசென்ஸ் எடுத்தாச்சா?" அந்தக் கேள்வியிலேயே பலர் பயந்து, முட்டையை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார்கள். அப்படிப் பயப்படத் தேவையில்லை. உங்கள் கோழி இட்ட முட்டையை நீங்களே விற்பதற்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் வேண்டாம். எந்த இடத்தில் இந்த நிலை மாறுகிறது என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

விவசாயிக்கு உள்ள விலக்கு

நாடு முழுவதற்கும் பொருந்துவது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு 'முதன்மை உணவு' எது என்று சொல்கிறது. விவசாயத்திலோ கால்நடை வளர்ப்பிலோ கிடைத்து, இயல்பான வடிவில், விவசாயி அல்லாத ஒருவரின் கையில் இருக்கும் பொருளே முதன்மை உணவு. அதாவது, முட்டை வளர்த்தவர் கையில் இருக்கும்வரை அந்த வரையறைக்குள் வராது; கைமாறியதும் வந்துவிடும். 18ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, விவசாயிக்கும் அவருடைய கால்நடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று நேராகவே சொல்கிறது. இத்தனை கோழிக்கு மேல் கூடாது என்று இந்தப் பிரிவுகளில் எண்ணிக்கை வரம்பு எதுவும் இல்லை. வீட்டு வாசலில் விற்றாலும் வாரச்சந்தையில் கூடை வைத்து விற்றாலும் இந்த விலக்கு உண்டு. சந்தையில் உள்ளாட்சி வசூலிக்கும் சுங்கத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

எப்போது பதிவு தேவை?

வாடிக்கையாளர் கூடும்போது நம் கோழி இடும் முட்டை போதாது. அக்கம்பக்கத்தில் வாங்கிச் சேர்த்து விற்கத் தோன்றும். அன்றிலிருந்து சட்டத்தின் கண்ணில் நீங்கள் வியாபாரி. முட்டையை அவித்தோ ஆம்லெட் போட்டோ விற்றாலும் அப்படித்தான்.

வியாபாரி ஆகிவிட்டாலும் சிறு விற்பனையாளருக்கு முழு உரிமம் தேவையில்லை, பதிவு போதும். 2011இல் வந்த ஒழுங்குமுறைகளின்படி, ஆண்டு விற்பனை அவற்றில் உள்ள வரம்புக்கு மிகாதவர் 'ஏ' படிவத்தில் விண்ணப்பித்து ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டினால் ஆயிற்று. புகைப்படமும் அடையாளச் சான்றும் முக்கியமாக வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'பாஸ்காஸ்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏழு நாட்களுக்குள் அதிகாரி பதிவு தர வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு வருவதாக அறிவிக்க வேண்டும். மூன்றும் நடக்காவிட்டால் தொழிலைத் தொடங்கலாம் என்று அந்த ஒழுங்குமுறையே சொல்கிறது. பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண் ஒன்று வரும்.

கடைக்கு மொத்தமாகப் போடுபவர்களும் செயலி வழியாக விற்பவர்களும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உரிமம் பெற்ற கடைக்காரர், உரிமமோ பதிவோ உள்ளவரிடமே சரக்கு வாங்க வேண்டும் என்பது அவருடைய உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று. அதனால்தான் அவர் உங்களிடம் எண் கேட்கிறார். அந்தச் சந்தை வேண்டுமென்றால் பதிவு எடுத்துக்கொள்வது நல்லது.

டப்பாவில் அடைத்தால்

வாங்குபவர் கண்ணெதிரே அட்டையிலிருந்து எண்ணிக் கொடுத்தால் அது உதிரி விற்பனை. ஆறு முட்டையை முன்கூட்டியே டப்பாவில் போட்டு மூடி விற்றால், 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் வந்துவிடும். அடைத்தவர் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், முட்டைகளின் எண்ணிக்கை, அடைத்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொடர்பு எண் ஆகியவை டப்பாவின் மேல் இருக்க வேண்டும். அடைத்து விற்பவர் தன் பெயரையும் முகவரியையும் பதிவு செய்வதும் அவசியம். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. உணவு லேபிள் விதிகளின்படி முட்டை அசைவம்; அதற்கான குறி, சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்.

பெயரில் நேர்மை

நாட்டுக்கோழி முட்டைக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் பண்ணை முட்டைக்குச் சாயம் ஏற்றி விற்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையாக வளர்ப்பவரின் வயிற்றில் அடிக்கும் செயல் இது. தவறான பெயரிட்டு உணவை விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'இயற்கை முட்டை' என்று சொல்வதற்கும் விதி இருக்கிறது. சிறு உற்பத்தியாளர் தன் விளைபொருளை நுகர்வோரிடம் நேரடியாக விற்கும்போது இயற்கை வேளாண் சான்றிதழ் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 'ஜைவிக் பாரத்' முத்திரையை அவர் பயன்படுத்தக் கூடாது.

மருந்தும் நோயும்

உணவுச் சட்டம் தரும் விலக்கு மற்றச் சட்டங்களுக்குச் செல்லாது. இதை எல்லாரும் மனத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் பாதிக்கப்படுவது முட்டையைத் தின்னும் குழந்தை.

கோழிக்குச் சளி, கழிச்சல் என்றதும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கித் தண்ணீரில் கலந்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மருந்தின் மிச்சம் முட்டையில் இறங்கும். அதனால் மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பது மருந்து லேபிளில் இருக்க வேண்டும். கால அளவு தனியாகக் குறிப்பிடப்படாத மருந்துக்கு முட்டையைப் பொறுத்தவரை குறைந்தது 7 நாள் என்று மருந்து விதிகள் சொல்கின்றன. அந்த நாட்களின் முட்டையை விற்காதீர்கள், வீட்டிலும் சமைக்காதீர்கள். கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுப்பதற்கு 2019இல் தடை வந்துவிட்டது. நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கும் கோழி வளர்ப்பில் இடமில்லை. மருந்து எதுவானாலும் கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுங்கள்.

பறவைக் காய்ச்சலும் வெள்ளைக் கழிச்சலும் 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளவை. கோழிகள் திடீரென்று கொத்தாகச் செத்தால் ஊராட்சிக்கோ கால்நடை மருத்துவமனைக்கோ தெரிவிப்பது வளர்ப்பவரின் சட்டக் கடமை. பறவைக் காய்ச்சல் உறுதியானால் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் கோழிகளும் முட்டைகளும் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு இருக்கும். அப்படி அழிப்பதற்கு அரசு இழப்பீடு தருகிறது. மறைத்து விற்றால் ஊர் முழுவதற்கும் கேடு.

வரி

ஓட்டோடு இருக்கும் முட்டைக்கு ஜி.எஸ்.டி. இல்லை. வரி இல்லாத பொருளை மட்டும் விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவும் செய்ய வேண்டியதில்லை. வருமான வரியில் மட்டும் கவனம் தேவை. கோழி வளர்ப்பு வருமானம், நெல், கரும்பு வருமானத்தைப் போல் விவசாய வருமானமாகக் கொள்ளப்படுவதில்லை. மொத்த வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் இதையும் கணக்கில் காட்ட வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

தினமும் கிடைத்த முட்டை எத்தனை, விற்றது எத்தனை, எந்தக் கோழிக்கு எந்த மருந்து எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இது உங்கள் சொந்த முட்டைதான் என்பதற்கு அந்த நோட்டே சாட்சி. அதிகாரி வந்து கேட்டால் மரியாதையாக எடுத்துக் காட்டி, எந்தப் பிரிவின்படி பதிவு தேவை என்று எழுத்தில் கேளுங்கள். பதிவு தேவைப்படும் நிலை வந்தால் தயங்காமல் கட்டணத்தைக் கட்டிப் பதிவு எடுங்கள். தேவைப்படாதபோது அதைக் காரணம் காட்டி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.