எதிர்க்கட்சி பக்கத்து நாற்காலியில்

வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் தவறாமல் சொல்லி அனுப்பும் புத்திமதி ஒன்று உண்டு. ஆபீஸில் அரசியல் பேசாதே, சாமி விஷயம் பேசாதே. நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் சமூக உளவியல் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, இந்தப் புத்திமதியால் நாம் இழப்பதுதான் அதிகம் என்று தோன்றுகிறது.

நண்பர்களை நாமே தேர்ந்தெடுக்கிறோம். கோயிலுக்கோ சங்கத்துக்கோ போனால் அங்கேயும் பெரும்பாலும் நம் ஆட்கள். பக்கத்து நாற்காலியில் யார் உட்கார வேண்டும் என்பதை மட்டும் கம்பெனி தீர்மானிக்கிறது. டயானா மட்ஸ், ஜெஃப்ரி மோண்டக் என்ற இரு அரசியல் அறிவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தனக்கு ஒவ்வாத அரசியல் கருத்தை ஒரு சராசரி அமெரிக்கர் அதிகம் கேட்பது குடும்பத்திலோ அக்கம்பக்கத்திலோ வழிபாட்டு இடத்திலோ அல்ல, வேலை பார்க்கும் இடத்தில். நவி மும்பையில் நெருளிலிருந்து துர்பே, மஹாபே தொழிற்பேட்டைகளுக்குப் போய்வரும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மராத்தியும் மலையாளமும் குஜராத்தியும் தமிழும் ஒரே மேஜையில் டப்பாவைத் திறக்கிற இடம் அது.

மும்பை சிஎஸ்எம்டி போகும் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஒரே கம்பெனியைச் சேர்ந்த இருவரின் பேச்சைக் கேட்டேன். பெரியவர் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரர். இளையவர் மாட்டுங்காவில் பிறந்தவர். பேச்சு வைத்தியச் செலவைப் பற்றி. பெரியவர் முனிசிபல் ஆஸ்பத்திரி கட்சி, இளையவர் மெடிக்ளெய்ம் இன்ஷூரன்ஸ் கட்சி.

“சயான் ஆஸ்பத்திரி க்யூவுல நின்னா விடிஞ்சிரும் அண்ணாச்சி. மெடிக்ளெய்ம் கார்டை நீட்டினாப் போதும்.”

“சரி தம்பி, அந்தக் கார்டு எப்படிப் பணம் கொடுக்குதுன்னு சொல்லு. ரூம் வாடகைக்கு வரம்புன்னு போட்டிருக்கானே, அது என்ன?”

தம்பி ஆரம்பித்தார், பாதியில் நின்றுவிட்டார். கணக்கு இதுதான். பாலிசியில் அறை வாடகை வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்குகிறீர்கள். பல பாலிசிகளில் அந்த 3,000 ரூபாய் வித்தியாசத்தோடு விஷயம் முடிவதில்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் எல்லாவற்றையும் அதே எட்டில் ஐந்து விகிதத்துக்கு வெட்டுவார்கள். ஒரு லட்சம் ரூபாய் ஆபரேஷனுக்கு 62,500 தான் கைக்கு வரும். மீதி நம் தலையில்.

இப்போது தம்பியின் முறை. “சயானுக்குக் காசு எங்கேருந்து வருது அண்ணாச்சி? ஊருக்குள்ள வர்ற சரக்குக்குப் போட்ட ஆக்ட்ராய் வரி 2017-லயே போயிடுச்சே?” முனிசிபாலிட்டி கொடுக்கிறது என்பதற்கு மேல் அண்ணாச்சிக்கும் ஓடவில்லை. வண்டி வாஷி பாலத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு பேர் குரலும் தணிந்திருந்தது.

தெரியும் என்று நினைத்தது விளக்கத் தொடங்கியதும் கைவிடுவதை யேல் பல்கலைக்கழகத்தில் ரோஸன்ப்ளிட், கீல் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் சோதித்து 2002-ல் எழுதியிருக்கிறார்கள். ஜிப், பூட்டு, கழிப்பறை ஃப்ளஷ் போன்றவை எப்படி வேலை செய்கின்றன என்று தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்றார்கள் பலர். படிப்படியாக விளக்கச் சொன்னதும் தங்களுக்குத் தாங்களே போட்டிருந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள். 2013-ல் ஃபெர்ன்பாக் என்ற ஆய்வாளரின் குழு இதே கேள்வியை அரசுக் கொள்கைகளுக்குப் பொருத்தியது. ‘ஏன் ஆதரிக்கிறாய்?’ என்றால் பிடி அப்படியே இருக்கிறது, ‘அது எப்படி நடக்கும்?’ என்றால் இளகுகிறது என்றது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த இளக்கம் கிடைக்கவில்லை. ஆகவே ‘எப்படி’ என்பது மந்திரம் அல்ல. எதிராளியை மடக்கவும் அதே கேள்வியைப் போடலாம். அண்ணாச்சி கேட்டபோது தம்பிக்குக் கோபம் வராததற்கு, இருவரும் ஒரே இடத்தில் உழைப்பவர்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வைத்திய விஷயத்தில் சொல்லப்படும் சேதியைவிடச் சொல்கிற ஆள் முக்கியம் என்பதற்கு இதே ஊரில் பழைய சாட்சி இருக்கிறது. 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். ஆனாலும் ஊருக்குள் பயமும் வதந்தியும் அடங்கவில்லை. கோஜா முஸ்லிம்களின் தலைவரான மூன்றாம் ஆகா கான், இருபது வயதுகூட நிரம்பாதவர், தம் மக்கள் கண்ணெதிரே கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார், அதுவும் ஒருமுறையோடு நிற்காமல். விஞ்ஞானி சொல்லியும் தயங்கியவர்கள், தங்களில் ஒருவர் செய்து காட்டியபோது முன்வந்தார்கள்.

அப்படியானால், வேறு சாதி, வேறு மதத்து ஆள் ‘நம்மில் ஒருவர்’ ஆவது எப்போது? மேற்கு வங்கத்தில் ஓர் உணவுப் பொருள் தொழிற்சாலையில் பொருளாதார ஆய்வாளர் ஆர்க்கதேவ் கோஷ் செய்த சோதனை இதைத் தொடுகிறது. இந்து, முஸ்லிம் தொழிலாளர்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் சில குழுக்களில் கலந்தும், சில குழுக்களில் ஒரே மதத்தவராகவும் அமர்த்தினார். ஒருவர் கை தாமதித்தால் அடுத்தவர் வேலை நிற்கும் இடங்களில், கலந்த குழுக்களின் உற்பத்தி முதலில் குறைந்தது. நான்கு மாதத்தில் அந்தக் குறை மறைந்துபோனது. முஸ்லிம்களைப் பற்றி இந்துத் தொழிலாளர்களுக்கு இருந்த எண்ணமும் அங்கேதான் மேம்பட்டது. அவரவர் வேலையை அவரவர் பார்க்கும் இடங்களில் உற்பத்தியும் குறையவில்லை, எண்ணமும் பெரிதாக மாறவில்லை.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்ததும் இதையே சொல்கிறது. பிற சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நட்பு கூடியது. அவர்களை எதிரணியில் சந்தித்தவர்களிடம் பெரும்பாலும் அந்தப் பழக்கம் குறைந்தது.

மேனேஜர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சண்டை வரும், உற்பத்தி குறையும் என்று பயந்து முதல் வாரத்திலேயே ஷிப்டுகளை மொழிவாரியாக, மதவாரியாகப் பிரித்துவிடுகிற சூப்பர்வைசர், நான்காவது மாதத்தில் கிடைக்கவிருந்ததைத் தெரியாமலேயே தள்ளிவிடுகிறார். ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு ஹெட்போன் என்று அமைந்த ஆபீஸ்களுக்கோ வேறு சிக்கல். அங்கே எல்லா மதமும் எல்லாக் கட்சியும் ஒரே தளத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன, ஆனால் ஒருவர் வராவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு வேலை எதுவும் நிற்பதில்லை.