மடகாஸ்கர் நாற்று, தாமிரபரணி வயல்

ஒற்றை நாற்று நடவு என்று எங்கள் ஊரில் சொல்லப்படும் திருந்திய நெல் சாகுபடி, எந்தப் பல்கலைக்கழகத்திலும் பிறந்ததல்ல. ஆனால் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கைகோக்காமல் இருந்திருந்தால், அது தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

பிறந்த இடம் மடகாஸ்கர் தீவு. 1961-ல் பிரான்சிலிருந்து அங்கே போன இயேசு சபைப் பாதிரியார் ஹென்றி தெ லொலானியே, உழவர்களின் வயலில் நின்று அவர்கள் செய்வதைப் பார்த்துக் கற்றவர். 1983-ல் அன்ட்சிராபே ஊரில் அவருடைய வேளாண் பள்ளியில் மழை தவறியது. நாற்று முற்றும் வரை காத்திராமல் 15 நாள் நாற்றையே பிடுங்கி நட்டார்கள். அது எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர இடைவெளி, தேங்காத தண்ணீர், களைக்கருவி எனப் படிப்படியாக ஒரு முறை உருவானது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் இதை அறிந்தது 1993 இறுதியில். அவர் அரசறிவியல் படித்தவர். மடகாஸ்கரின் ரனோமஃபானா தேசியப் பூங்காவைச் சுற்றி மழைக்காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவதைக் குறைக்க வழி தேடிய ஒரு திட்டத்தில் அப்போது இருந்தார். பள்ளத்து வயலில் எக்டேருக்கு 2 டன்தான் விளையும் என்றால் உழவர் காட்டைத்தானே நாடுவார்? இந்த முறையில் சராசரி 8 டன் என்றபோது அப்ஹாஃபே உடனே நம்பவில்லை. மூன்று ஆண்டு விளைச்சலைப் பார்த்த பிறகே மற்ற நாட்டு ஆய்வாளர்களிடம் சோதித்துப் பார்க்கச் சொன்னார். 1999-ல் சீனாவின் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழகம் சோதித்தது. 2000-ல் நம் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், நெதர்லாந்தின் வாகெனிங்கன் ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த தண்ணீர் சிக்கன நெல் ஆய்வில் இதையும் எடுத்துக்கொண்டது. 2002-ல் சீனாவின் சான்யா நகரில் 15 நாட்டவர் கூடித் தத்தம் முடிவுகளை ஒப்பிட்டார்கள்.

எங்கள் வயல் அம்பாசமுத்திரம் பக்கம். கார், பிசானம் இரண்டு போகமும் நெல். முதன்முதலில் 14 நாள் நாற்றை 25 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நட்டபோது, நடவுக்கு வந்த மூத்த அம்மா வரப்பில் நின்று, “என்னய்யா இது, ஆடு மேஞ்ச வயலு மாதிரி கெடக்கு?” என்றார். அவர் கவலை நியாயமானது. முதல் மாதம் வயல் வெறிச்சென்றுதான் இருக்கும். கோனோ வீடர் என்ற களைக்கருவியை நெடுக்கிலும் குறுக்கிலும் உருட்ட, களை சேற்றுக்குள் அமுங்கும், மண்ணுக்குக் காற்றும் கிடைக்கும். பிறகு ஒற்றை நாற்று கைக்கு அடங்காத தூராகத் திரளும். ஏக்கருக்கு விதை 3 கிலோ போதும். வழக்கமான நடவுக்கு 15 முதல் 25 கிலோ வரை வேண்டும்.

தண்ணீர் கணக்கு இதைவிட முக்கியம். மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகே அடுத்த தண்ணீர், அதுவும் இரண்டரை சென்டிமீட்டர்தான். இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலும் ஆற்று நீரை மிச்சப்படுத்துவதோடு நிற்பதில்லை. எப்போதும் நீர் தேங்கிய வயலில், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன. வயல் இடையிடையே காய்ந்தால் அது குறைகிறது.

2003-04-ல் எங்கள் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர் வயல்களில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் இரு முறைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தது. புதிய முறையில் எக்டேருக்குச் சுமார் 7.2 டன், வழக்கமான முறையில் சுமார் 5.7 டன்.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. 2004-ல் சில நெல் விஞ்ஞானிகள் இந்த முறையின் உயர் விளைச்சல் கணக்குகளைக் கடுமையாக மறுத்தார்கள். 2006-ல், மடகாஸ்கர் தவிர மற்ற இடங்களில் சிறந்த வழக்கமான முறையை இது மிஞ்சவில்லை என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. அதை எழுதியவர்களும் கார்னெல் ஆய்வாளர்களே! ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இப்படி வெளிப்படையாக மோத முடிந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்த வாதத்தால்தான் எதோடு எதை ஒப்பிடுகிறோம், எந்த மண்ணில், யாருடைய உழைப்பில் என்ற கேள்விகள் கூர்மையாயின. களைக்கருவி கனமானது, வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை என்று எங்கள் பக்கத்தில் பலர் இந்த முறையைப் பாதியில் விட்டதற்கும் அந்தக் கேள்விகளில்தான் விடை இருக்கிறது.

இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் நிறையக் கையெழுத்தாகின்றன. நம் வேளாண் மாணவர்கள் அயல்நாட்டு மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்வதும் நடக்கிறது. அந்தப் படிப்பில் உழவர் வயலும் ஒரு வகுப்பறையாக இருக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும்: சோதனை உழவர் வயலில் நடக்கும், விளையாமல் போன கணக்கும் வெளியிடப்படும். அந்த இரண்டும் இல்லாத ஒப்பந்தத்தால் உழவருக்குப் பயனில்லை.